கடிதக் கட்டில் ஒளிந்திருந்த பேராசிரியர்

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை புகழ் பெற்றது. 1890-களில் அங்கே எட்வின் ஸ்டார்பக் என்ற மாணவர் படித்து வந்தார். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சிலருக்குத் திடீரென்று தெய்வ நம்பிக்கை பிறக்கிறதே, அது எப்படி? கேள்விகளை எழுதிப் பலருக்கும் அனுப்புவோம். அந்தச் சம்பவத்தை அவரவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுவோம்!

யோசனையைக் கேட்ட பேராசிரியருக்கு உற்சாகம் வரவில்லை. கேள்வித்தாள் அனுப்புவது வீண் தொந்தரவு என்பது அவர் எண்ணம். ஆனாலும் மாணவரைத் தடுக்கவில்லை.

அந்தப் பேராசிரியர்தான் வில்லியம் ஜேம்ஸ்.

ஓவியர், டாக்டர், வாத்தியார்

1842-ல் நியூயார்க் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பிரபல நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி. முதலில் ஓவியம் கற்றார், விட்டு விட்டார். பிறகு வைத்தியம் படித்தார். நடுவில் 1865-ல் அமேசான் நதிக்கு ஆராய்ச்சிக் கோஷ்டியுடன் போய், அம்மை கண்டு படுத்தார். 1869-ல் டாக்டர் பட்டம் வந்தது. ஆனால் அவர் வைத்தியத் தொழில் செய்யவே இல்லை.

முதுகு வலி, கண் வலி. அவற்றை விடக் கொடியது மனச்சோர்வு. உயிரை வைத்திருப்பதில் என்ன பயன் என்று கூட நினைத்தார். 1870-ம் ஆண்டு ஏப்ரலில், ஒரு பிரெஞ்சுத் தத்துவ ஞானியின் நூலைப் படித்த பின், டைரியில் ஒரு தீர்மானம் எழுதினார். மனிதனுக்குச் சுயேச்சை உண்டு என்று நம்புவது. அப்படி நம்புவதையே தம் சுயேச்சையின் முதற் காரியமாகக் கொள்வது!

சிறிது சிறிதாகத் தேறினார். 1873-ல் ஹார்வர்டில் பாடம் சொல்லத் தொடங்கினார். மனத்தத்துவ நூல் ஒன்று எழுத ஒப்புக் கொண்டு, பன்னிரண்டு வருஷம் இழுத்தடித்து, 1890-ல் முடித்தார். அது இரண்டு பெரிய பாகங்கள்!

கை கொடுத்த கடிதங்கள்

ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலை, சமய அனுபவம் பற்றிப் பேச ஜேம்ஸை அழைத்தது. அதற்குள் மலையேறப் போய் இருதயத்தைக் கெடுத்துக் கொண்டார். பிரசங்கங்கள் தள்ளிப் போயின. 1901-லும் 1902-லும் இருபது பிரசங்கங்கள் செய்தார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவை எவை தெரியுமா? தாம் அலட்சியம் செய்தாரே, அந்த ஸ்டார்பக் சேகரித்த கடிதங்கள்தான்! பெரிய ஞானிகளின் வரலாறுகளோடு, பெயர் தெரியாத சாதாரண ஜனங்களின் அனுபவங்களையும் சரிசமமாக வைத்துப் பேசினார். நம் விவேகானந்தரின் ராஜயோகமும் அதில் இடம் பெற்றது.

சம்பவங்களைத் திரட்டி ஆராய 1954-ல் ஜான் பிளானகன் என்ற அமெரிக்கர் விதிமுறை வகுத்தார். இன்று கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், மறக்க முடியாத சம்பவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று மாணவரைக் கேட்பது சகஜம். ஜேம்ஸ் காலத்தில் இந்த விதிகள் கிடையாது. மனிதர் சொன்னதை மதித்துக் கேட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் யார்?

அவர் காட்டிய அனுபவங்களில் ஒன்று மிகப் பயங்கரமானது. எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்று சொல்லியிருந்தார். அந்தி வேளை. அந்த ஆள் ஏதோ எடுக்க அறைக்குள் போகிறார். காரணமே இல்லாமல் பெரும் பயம் பிடித்துக் கொள்கிறது. பைத்திய ஆஸ்பத்திரியில் முன்பு கண்ட ஒரு நோயாளி, முழங்காலைக் கட்டிக் கொண்டு பெஞ்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்த வாலிபன், மனக்கண் முன் வருகிறான். தானும் ஒரு நாள் அப்படி ஆகி விடலாமே! அதன் பிறகு பல மாதங்கள் இருட்டில் தனியே போக அவரால் முடியவில்லை.

1904-ல் அந்த நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவருக்கு ஜேம்ஸ் உண்மையை எழுதினார். பிரெஞ்சுக்காரர் என்று ஒருவரும் இல்லை. அது அவருடைய சொந்தக் கதை!

பலர் பார்க்கும் மேடையில் அதைத் தம் கதையென்று சொல்ல அவருக்கு மனம் வராதது இயற்கையே. ஆனால் சொல்லாமலும் விடவில்லை, பாருங்கள்.

1906 ஏப்ரல் 18 அன்று கலிபோர்னியாவில் பெரிய பூகம்பம். அங்கே ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் தங்கியிருந்த ஜேம்ஸ், கட்டில் ஆடியபோது பயப்படவில்லை, குதூகலம் அடைந்தார். அன்றே ரயில் ஏறி, எரிந்து கொண்டிருந்த சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனார். தெருவில் நின்ற ஜனங்களைக் கவனித்தார். பிறகு அதைக் கட்டுரையாக எழுதினார். தம் அனுபவத்தையும் சேர்த்து. இந்தத் தடவை சொந்தப் பெயரிலேயே!

நான்கு வருஷம் கழித்து, 1910 ஆகஸ்டு 26-ல், நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தம் கிராமத்து வீட்டில் காலமானார்.