மூலக்கூறுகளின் மேற்சுரங்களைப் பதிவு செய்த விஞ்ஞானி ஜெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க் (1904-1999)

அகதியாக வந்து கனடாவுக்குப் பெருமை சேர்த்தவர்கள் யாரென்று பேச்சு எழும்போதெல்லாம், இங்கு வாழும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பௌதிக விஞ்ஞானி ஜெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க்.

1904 டிசம்பர் 25ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். 1928இல் டார்ம்ஸ்டாட்டில் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு லூயிஸ் ஓட்டிங்கரை மணந்தார். லூயிசும் நிறமாலை ஆய்வாளர், யூதப் பெண்மணி. அந்த ஒரே காரணத்தால் நாஜி ஆட்சியில் கணவரின் ஆசிரியப் பணிக்கு முடிவு வந்தது. மனைவியைக் கைவிட மறுத்த அவர் தாய்நாட்டை விட்டார். 1935இல் இருவரும் கனடாவின் சாஸ்கட்டூன் நகரை அடைந்தனர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கருவிகள் குறைவு. எனவே நூல்கள் எழுதினார். மூலக்கூறு நிறமாலை பற்றிய அவரது தொகுதிகள் 1939, 1945 ஆண்டுகளில் வெளிவந்தன. இரண்டாம் தொகுதியின் தலைப்பில் நமது ராமனின் பெயரும் இடம்பெற்றுள்ளது.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் மெல்ல ஒலிக்கும். மூலக்கூறில் அணுக்களின் அதிர்வுக்கும் மேற்சுரங்கள் உண்டு. ஆனால் அவை சரியான மடங்குகளில் அமையாமல் சற்றுக் குறைந்து நிற்கும். அக்குறைவைக் கொண்டு அணுப் பிணைப்பின் வலிமையைக் கணிக்கலாம். இம்மேற்சுரங்கள் ஒளியை மிகச் சிறிதளவே விழுங்குவதால் அவற்றைக் காண்பது கடினம். ஒரே மாதிரி இரு அணுக்கள் கொண்ட ஹைட்ரஜனிலோ மிக மிகக் கடினம்!

1945 முதல் 1948 வரை அமெரிக்காவின் யெர்க்ஸ் வானோக்குக் கூடத்தில் பணியாற்றிய ஹெர்ஸ்பெர்க், கண்ணாடிகளுக்கிடையே ஒளியை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, வாயுவின் ஊடே பல கிலோமீட்டர் கடக்க வைத்தார். ஹைட்ரஜனின் மங்கிய மேற்சுரக் கோடுகள் தெரிந்தன. 1949இல் அம்முடிவு வெளியானது. அதற்குள் ஒட்டாவாவின் தேசிய ஆய்வு மன்றத்துக்கு வந்துவிட்டார். யுரேனஸ், நெப்டியூன் கோள்களின் ஒளியில் கைப்பர் கண்ட இனந்தெரியாத பட்டை, குளிர்ந்து அழுத்தப்பட்ட ஹைட்ரஜனுடையதே என்று 1952இல் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். 1953இல் கரியமில வாயுவின் மேற்சுரங்களைப் பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்தே கட்டுரை வெளியிட்டனர்.

1971இல் ஹெர்ஸ்பெர்க்குக்கு ரசாயன நோபெல் பரிசு கிடைத்தது. யாருக்காக அவர் நாடு துறந்தாரோ, அந்த லூயிஸ் அதே ஆண்டில், பரிசுச் செய்தி வருமுன்பே காலமாகியிருந்தார். ஹெர்ஸ்பெர்க் 1999 மார்ச் 3ஆம் நாள் மறைந்தார். அகதிகளால் ஒரு நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு நான் இந்தத் தம்பதியரின் வரலாற்றையே சொல்வேன்.