கொல்லைப்புறத்து எதிரொலி

மக்களே, இன்னைக்கு உங்க லேப்டாப்பில் ஏதோ ஒரு இலவச மென்பொருளைத் திறந்து 'ரிவெர்ப்' பட்டனைத் தட்டினா போதும். ஹாஸ்டல் ரூமில் பாடினதுகூட பெரிய மண்டபத்தில் பாடின மாதிரி ஆகிடும். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் இருந்த ஒரு இளைஞருக்கு அந்தப் பட்டன் கிடைக்கல. அதனால அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு எதிரொலி அறையையே கட்டிட்டார். பேர் பாபி ஃபுல்லர்.

விஷயம் ரொம்ப சிம்பிள். கெட்டியான சுவர் உள்ள ஒரு காலி அறை. ஒரு பக்கம் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் மைக். பதிவு செய்த குரலை ஸ்பீக்கர் வழியா உள்ளே அனுப்பணும். அது சுவர்களில் முட்டி மோதித் திரும்புறதை மைக் பிடிக்கும். அதை அசல் குரலோடு கலக்கணும். நம்ம ஊர்ல யாராச்சும் மினி புராஜெக்டா செஞ்சிருந்தா வைவாவில் அரை மணி நேரம் பேசியிருப்பாங்க! பாபி அதை அப்பா அம்மா வீட்டிலேயே செஞ்சார். உள்ளூர் வானொலி நிலையத்தில் வாங்கின ஒரு மிக்சிங் போர்டு, ஒண்ணு ரெண்டு மைக், அவ்வளவுதான் சாமான். கைப்பழக்கம் வரணும்னு ஊர்ல இருந்த மத்த குழுக்களுக்குக்கூட காசு வாங்காம பதிவு செய்து கொடுத்தார்.

'கராஜ் ராக்' கேள்விப்பட்டிருப்பீங்க. கார் ஷெட்டில் கிட்டாரும் டிரம்ஸும் வெச்சு இளவட்டங்கள் உண்டாக்கின முரட்டுத்தனமான ராக் இசை. பாபியையும் அந்த வரிசையில்தான் இன்னைக்கு வைக்கிறாங்க. ஆனா அவர் மனசில் இருந்தது இன்னொரு டெக்சாஸ்காரர், பட்டி ஹாலி. 1959இல் விமான விபத்தில் ஹாலி இறந்தபோது பாபிக்கு வயசு 16. அதுக்கப்புறம் இங்கிலாந்துக் குழுக்களின் அலை அமெரிக்காவையே புரட்டிப் போட்டுச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் ஓட, இவர் மட்டும் ஹாலியின் பாணியை விடல. பிடிவாதம்னு சொல்லலாம். எனக்கு அது பிடிச்சிருக்கு.

தம்பி ரேண்டி பேஸ் கிட்டார். குழுவில் மத்தவங்க வந்து வந்து போனாங்க. எக்ஸீட்டர்னு சொந்த இசைத்தட்டு லேபிள். இளவட்டங்களுக்குன்னு ஒரு சொந்த கிளப். அந்தக் கிளப் தீயில் போச்சு. 1964இல், ஹாலியின் பழைய குழுவான கிரிக்கெட்ஸில் இருந்த சன்னி கர்ட்டிஸ் எழுதிய 'ஐ ஃபாட் தி லா' பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து எக்ஸீட்டரில் வெளியிட்டார். ஊருக்குள்ள ஹிட்.

அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ். அங்க பாப் கீன் என்கிற தயாரிப்பாளர் தன் மஸ்டாங் லேபிளில் சேர்த்துக்கிட்டார். ஹாலியோடு அதே விமானத்தில் இறந்த ரிச்சி வேலன்ஸைக் கண்டுபிடிச்சவரும் இதே கீன்தான். குழுவுக்கு 'பாபி ஃபுல்லர் ஃபோர்'னு பேர் வந்துச்சு. பாபி தானே எழுதின 'லெட் ஹர் டான்ஸ்' 1965இல் வந்தது. என்னைக் கேட்டா அவருடைய சிறந்த பாட்டு அதுதான். ஆனா நாடு முழுக்க அவரைக் கொண்டுபோனது, புதுசா பதிவு செய்த 'ஐ ஃபாட் தி லா'. 1966இல் அமெரிக்கத் தரவரிசையில் 9ஆம் இடம்.

இங்கதான் கொஞ்சம் யோசிங்க. சொந்தமா எழுதவும் தெரியும், பாடவும் தெரியும், பதிவு செய்யவும் தெரியும். கடைசியில் உலகம் பிடிச்சுக்கிட்டது அடுத்தவர் எழுதின பாட்டை. எல் பாசோவில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்பணும்னு முடிவு பண்ணினவர் அவர். ஹாலிவுட்டில் அந்தக் குமிழ் வேற கைக்குப் போயிடுச்சு.

அதே வருஷம் ஜூலை 18. ஹாலிவுட்டில் அவர் தங்கியிருந்த குடியிருப்புக்கு வெளியே, அம்மாவின் காருக்குள் பாபி இறந்து கிடந்தார். வயசு 23. பெட்ரோல் ஆவியால் மூச்சு நின்றிருந்தது. மரண அறிக்கையில் விபத்து, தற்கொலை என இரண்டு கட்டங்களும் குறிக்கப்பட்டு, பக்கத்தில் கேள்விக்குறி. கொலைன்னு நம்புறவங்களும் நிறைய. இணையத்தில் தேடினா முதலில் வர்றது இந்த மர்மக் கதைகள்தான். நீங்களும் அதுக்குள்ள விழுந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிப்பீங்க. படிங்க, தப்பில்ல. ஆனா அதில் பாட்டு காணாம போயிடுது.

பாட்டு என்னமோ போகல. 1978இல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டுடியோ ஒன்றின் ஜூக்பாக்ஸில் அதைக் கேட்ட லண்டனின் 'தி கிளாஷ்' குழு, அடுத்த வருஷம் தங்கள் பாணியில் வெளியிட்டது. உங்களில் பலர் கேட்டிருப்பது அந்த வடிவமாத்தான் இருக்கும்.

அண்ணன் போனபிறகு ரேண்டி தன் பேரில் குழுவைக் கொஞ்ச காலம் நடத்திப் பார்த்தார், நிலைக்கல. எல் பாசோ வீட்டுப் பதிவுகளை 1990களில் நார்ட்டன் ரெகார்ட்ஸ் தொகுப்புகளாகக் கொண்டுவந்தது. 'எல் பாசோ ராக்'னு தேடுங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. மர்மக் கதையை அப்புறம் படிச்சுக்கலாம்.