வாயில்லா ஜீவன்களுக்கு மருந்தகம் தந்த மரியா டிக்கின்

பெயர்: மரியா எலிசபெத் டிக்கின்
பிறப்பு: 22.09.1870, லண்டன்
மறைவு: 01.03.1951, லண்டன்
தொண்டு: ஏழைகள் வளர்க்கும் பிராணிகளுக்கு இலவச வைத்தியம்



அடிபட்ட நாயைப் பார்த்தா நம்ம எல்லாருக்குமே பாவமா இருக்கும். தண்ணி வைப்போம், பிஸ்கட் போடுவோம். ஆனா கால் உடைஞ்ச நாய்க்கு பிஸ்கட் மட்டும் போதுமா? கட்டுப் போடணும். ஊசி போடணும். புண் ஆறும் வரைக்கும் யாராவது வெச்சுப் பார்த்துக்கணும். நாயைத் தூக்கிட்டு வர்றது ஒரு நாள் வேலை, குணப்படுத்துறது பல வார வேலை. அதுக்கெல்லாம் பணம் வேணும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளில் 30 வருஷத்துக்கு மேல் பதில் தேடியவர்தான் மரியா டிக்கின் அம்மையார். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. பெரிய கோடீஸ்வரர் வீட்டுப் பெண்ணும் இல்லை. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளமைக் காலம்

லண்டன் மாநகரில் ஹாக்னி என்ற பகுதியில் மரியா பிறந்தார். அப்பா கிறிஸ்தவ மத போதகர். வீட்டில் மொத்தம் 8 பிள்ளைகள், மரியாதான் மூத்தவர். மூத்த பிள்ளைன்னா பொறுப்பு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்தானே! வளர்ந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. லண்டனில் விம்போல் தெருவில் குரல் பயிற்சி நிலையம் ஒன்றைச் சொந்தமாக நடத்தினார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போவது அபூர்வமாக இருந்த காலம் அது.

1899-ல் ஆர்னால்ட் டிக்கின் என்ற உறவினரைத் திருமணம் செய்துகொண்டார். அவர் கணக்காளர். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டு வேலை போக மீதி நேரத்தில் மரியா ஏழைகள் வாழும் பகுதிகளுக்குப் போய் உதவி செய்து வந்தார்.

கிழக்கு லண்டனில் கண்ட காட்சி

அந்தக் காலத்துக் கிழக்கு லண்டன் ரொம்ப ஏழ்மையான இடம். ஒரே அறையில் ஒரு குடும்பமே இருக்கும். மரியா மனிதர்களுக்கு உதவத்தான் அங்கே போனார். ஆனால் அவர் கண்ணில் வேறொன்றும் பட்டது. சொறி பிடித்த நாய்களும் பூனைகளும் சாக்கடை ஓரத்தில் இரை தேடின. கொல்லைப்புறங்களில் ஆடுகளும் முயல்களும் இடுக்கமான இடத்தில் அழுக்கோடு அடைந்து கிடந்தன. வண்டி இழுக்கும் கழுதைகள் புண்ணோடும் நொண்டிக்கொண்டும் நடந்தன.

அந்த மக்கள் கொடுமைக்காரங்களா? இல்லை. தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவங்க. அவங்க நாய்க்கு எப்படிச் செலவு பண்ண முடியும்? பாசம் இருந்தது, பணம் இல்லை. இதை மரியா சரியாகப் புரிந்துகொண்டார். அதனால் யாரையும் திட்டவில்லை. மருந்துக்கு வழி தேடினார்.

ஒரு நிலவறையில் ஆரம்பம்

1917 நவம்பர் 17. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். கிழக்கு லண்டனில் வொயிட்சேப்பல் என்ற இடத்தில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் மரியா ஒரு மருந்தகம் திறந்தார். நோய்வாய்ப்பட்ட பிராணி எதுவானாலும் கொண்டு வரலாம், எல்லாவற்றுக்கும் வைத்தியம் இலவசம் என்று வாசலில் அறிவிப்பு வைத்தார். இதுதான் ஏழைகளின் நோயுற்ற பிராணிகளுக்கான மக்கள் மருந்தகம். சுருக்கமாகப் பி.டி.எஸ்.ஏ.

கூட்டம் தாங்கவில்லை! சீக்கிரத்திலேயே பெரிய இடம் பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் மருந்தகமே மக்களைத் தேடிப் போகட்டும் என்று குதிரை பூட்டிய வண்டி ஒன்றை வைத்தியத்துக்கு ஏற்றபடி அமைத்தார். பின்னால் அதுபோல் பல வண்டிகள் ஊர் ஊராகப் போயின. 1928-ல் இல்ஃபோர்டு என்ற ஊரில், பிராணிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் மருத்துவமனையும் வந்தது.

இலவசம்னா யார் கொடுப்பது?

நண்பர்களே, இங்கேதான் நாம் யோசிக்கணும். நாயைக் கொண்டு வந்தவருக்கு வைத்தியம் இலவசம். ஆனால் மருந்துக் கடைக்காரர் மருந்தை இலவசமாகக் கொடுப்பாரா? பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, வேலையாள் சம்பளம், கட்டட வாடகை எல்லாமே காசுதான். ஒருத்தருக்கு இலவசம்னா அதை வேறு யாரோ கட்டுறாங்கன்னுதான் அர்த்தம். மரியாவின் மருந்தகம் நன்கொடையை நம்பித்தான் ஓடியது. நாள்தோறும் நாய்கள் வரும், அதனால் நாள்தோறும் பணமும் வரணும்.

இதற்குப் பெரியவர்களை மட்டும் அவர் நம்பவில்லை. 1934-ல் சிறுவர் சிறுமியருக்காகச் சுறுசுறுப்புத் தேனீக்கள் என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள்தான் அதில் உறுப்பினர்கள். பிராணிகளிடம் அன்பாக நடப்பதும், மருந்தகத்துக்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பதும் அவர்கள் வேலை. நாம் விரும்பிப் படிக்கும் கதாசிரியை எனிட் பிளைட்டன் 1952-ல் இந்தச் சங்கத்துக்கு ராணித் தேனீ ஆனார். தன் பத்திரிகை மூலமாகவும் பிள்ளைகளை இதில் சேர்த்தார். சிறு துளி பெருவெள்ளம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!

எதிர்ப்பும் வந்தது

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். கால்நடை மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். படித்துப் பட்டம் பெறாதவர்கள் வைத்தியம் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. தவறான வைத்தியம் நோயைவிடக் கெடுதல். ஆனால் காசில்லாதவன் நாயை யார் பார்ப்பது என்ற மரியாவின் கேள்வியும் நியாயமானதுதான். அவர் பின்வாங்காமல் தன் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிராணிகளுக்கு யார் வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கு 1948-ல் பிரிட்டனில் கண்டிப்பான சட்டம் வந்தது. இப்போது பி.டி.எஸ்.ஏ.யில் பட்டம் பெற்ற மருத்துவர்களே வைத்தியம் பார்க்கிறார்கள். ரெண்டு பக்க நியாயமும் கடைசியில் ஒன்று சேர்ந்தது நல்லதுதானே!

போர்க்காலத்தில்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. குண்டு விழும், சாப்பாட்டுக்குப் பஞ்சம் வரும் என்று பயந்து, பிரிட்டன் மக்கள் லட்சக்கணக்கான வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுவந்து கருணைக்கொலை செய்யச் சொன்னார்கள். காப்பாற்றுவதற்காக வேலைக்கு வந்த மரியாவின் பணியாளர்களே அந்த வேலையைச் செய்ய வேண்டி வந்தது. அவர்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

குண்டுவீச்சு ஆரம்பித்ததும் மரியாவின் மீட்புக் குழுக்கள் இடிபாடுகளில் இறங்கின. ஒரு குழுவின் தலைவரோடு பியூட்டி என்ற அவருடைய நாயும் கூடவே போகும். ஒரு நாள் அது தானாகவே மண்ணைத் தோண்டி ஒரு பூனையைக் காட்டிக்கொடுத்தது. இப்படி மொத்தம் 63 பிராணிகளை அது கண்டுபிடித்தது. தோண்டித் தோண்டி கால் புண்ணாகக் கூடாது என்று அதற்குத் தோல் காலணி பரிசளித்தார்கள்.

இன்னொரு நாயின் பெயர் ரிப். 1940-ல் குண்டு விழுந்த இடத்தில் வீடில்லாமல் நின்ற நாய். பாதுகாப்புப் பணியில் இருந்த ஒருவர் சாப்பாடு கொடுக்க, அது அவரோடே தங்கிவிட்டது. யாரும் பழக்காமலே இடிபாட்டில் சிக்கிய மனிதர்களை மோப்பம் பிடித்துக் காட்டியது. 100 பேருக்கு மேல் உயிர் பிழைத்தார்கள்! தெருவில் நின்ற நாய்க்கு ஒருவர் போட்ட ஒரு வாய்ச் சோறு எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

போரில் உதவிய பிராணிகளுக்காக 1943-ல் மரியா ஒரு பதக்கம் ஏற்படுத்தினார். அதுதான் டிக்கின் பதக்கம். பியூட்டி, ரிப் இரண்டுமே 1945-ல் அதைப் பெற்றன. இரண்டும் இல்ஃபோர்டில் உள்ள பிராணிகள் கல்லறையில் உறங்குகின்றன.

உங்களுக்குத் தெரியுமா?

* 1943 முதல் 1949 வரை 54 டிக்கின் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. 32 புறாக்கள், 18 நாய்கள், 3 குதிரைகள், 1 பூனை!
* ரிப் பெற்ற பதக்கம் 2009-ல் ஏலத்தில் 24,250 பவுண்டுக்குப் போனது.
* மரியா பிறந்த வீட்டில் 2015-ல் நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

நிறைவாக

பிரிட்டன் அரசு 1929-லும் 1948-லும் மரியாவுக்கு விருதுகள் தந்து கௌரவித்தது. 1951 மார்ச் 1-ம் தேதி, 80-ம் வயதில் அவர் மறைந்தார். நிலவறையில் ஆரம்பித்த அந்த மருந்தகம் இன்று 40-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளாக வளர்ந்து நிற்கிறது. இன்றும் நன்கொடைதான் அதன் பலம்.

நாமும் செய்யலாம் நண்பர்களே. அடிபட்ட நாயை உடனே தொடக் கூடாது. வலியில் அது கடித்துவிடும். பெரியவங்களைக் கூப்பிடணும், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லணும். அப்புறம் மருந்துச் செலவுக்கு வகுப்பில் ஒரு உண்டியல் வைக்கலாம். வாரம் 1 ரூபாய் போதும். 40 பேர் இருக்கிற வகுப்பில் ஒரு மாசத்துக்கு 160 ரூபாய் சேரும். எவ்வளவு சேர்ந்தது, எதுக்குச் செலவாச்சுன்னு கரும்பலகையில் எழுதி வெச்சா எல்லாருக்கும் நம்பிக்கை வரும்.

பாவம்னு சொல்றதோட நிக்காம, மருந்துக்கு ஒரு ரூபாய் எடுத்து வைப்போம். மரியா டிக்கின் அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.