மார்ட்டினஸ் பையரிங்க்

மார்ட்டினஸ் வில்லெம் பையரிங்க் (மார்ச் 16, 1851 - ஜனவரி 1, 1931) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளரும் தாவரவியலாளரும் ஆவார். நுண்பாசிகளைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்த முன்னோடி இவர்.

வாழ்க்கை

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த இவர், 1877 இல் லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வேளாண்மைப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1885 இல் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட் தொழிற்சாலையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1895 முதல் 1921 வரை அந்நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இவர் மணம் செய்துகொள்ளவில்லை.

ஆய்வுகள்

குளத்து நீரில் பலவகைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் கலந்தே வாழ்கின்றன. ஒரு பொருளை ஆக்கும் உயிர் எது என்பதை அக்கலவையில் உறுதிசெய்ய இயலாது. 1890 இல் பையரிங்க், ஜெலட்டின் ஊடகத்தில் ஒரு பச்சைப் பாசியைத் தனியே வளர்த்து, அதற்குக் குளோரெல்லா வல்காரிஸ் எனப் பெயரிட்டார். 1888 இல் அவரை இனத் தாவரங்களின் வேர்முடிச்சுப் பாக்டீரியாவையும் இவர் பிரித்தெடுத்திருந்தார். 1898 இல் புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று எனக் கூறி, தீநுண்மவியலுக்கு வித்திட்டார்.

தாக்கம்

ஆட்டோ வார்பர்க், மெல்வின் கால்வின் ஆகியோர் ஒளிச்சேர்க்கையை ஆராயக் குளோரெல்லாவைப் பயன்படுத்தினர். கால்வின் 1961 இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று நுண்பாசிகளிலும் சயனோபாக்டீரியாக்களிலும் மரபணுக்களைப் புகுத்தி, கரோட்டினாய்டு போன்ற பயனுள்ள சேர்மங்களை உருவாக்க முயல்கின்றனர். மரபணு மாற்றத்தைப் பையரிங்க் அறிந்திருக்கவில்லை. எனினும், மாற்றப்பட்ட உயிரைத் தனித்து வளர்த்தால்தான் விளைபொருள் அதனுடையதே எனக் காட்ட இயலும். அவ்வகையில் இத்துறை இவரது முறையின் மீதே நிற்கிறது.