இரும்புக்குள் புகுந்த ஹைட்ரஜன்: குழாய் வெடிப்புக்கு விடை கண்ட கார்ல் போஷ் யார்?

இன்று உலகில் ஏறத்தாழ பாதிப்பேரின் சாப்பாட்டுக்குப் பின்னால் செயற்கை நைட்ரஜன் உரம் இருக்கிறது. காற்றிலிருந்து உரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபிரிட்ஸ் ஹேபர். ஆனால், அவர் மேசை மேல் செய்து காட்டியதை ஆலைக்குக் கொண்டுவந்தவர் கார்ல் போஷ். அதற்கு அவர் முதலில் ஜெயிக்க வேண்டியிருந்தது, ஓர் இரும்புக் குழாயை!

யார் இவர்?

1874-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தார். போஷ் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் போஷ் இவருடைய சித்தப்பா. முதலில் உலோகவியலும் இயந்திரவியலும் படித்தார். பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1899-ல் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். இரும்பும் தெரியும், வேதியியலும் தெரியும். இந்தக் காம்பினேஷன்தான் பின்னாளில் கைகொடுத்தது.

80 மணி நேரத்தில் வெடித்த குழாய்

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா. கேட்க ஈஸிதான். ஆனால், அதற்கு சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தமும் 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் வேண்டும். போஷ் குழுவினர் கெட்டியான எஃகுக் குழாய்களில் முயன்றார்கள். சுமார் 80 மணி நேரத்தில் அவை வெடித்தன.

வெடித்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. எஃகுக்கு வலிமை தருவது அதிலுள்ள கார்பன். ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. அதிக வெப்பத்தில் அது எஃகுக்குள் புகுந்து, கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகிவிடுகிறது. அந்த மீத்தேனால் வெளியேற முடியாது. உள்ளேயே அழுத்தி விரிசல் உண்டாக்கும். வெளியே பார்த்தால் குழாய் நல்லாத்தான் இருக்கும்.

விடை: சின்னச் சின்ன ஓட்டைகள்

ஹைட்ரஜனைத் தடுக்க முடியாது என்றால் வழிவிட்டால் என்ன என்று யோசித்தார் போஷ். குழாயின் உட்புறம் கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. வெளிப்புறம் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு. உள்சுவரைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் வெளியேற, எஃகில் சிறு துளைகள். அவ்வளவுதான்! 1913-ல் ஓப்பாவ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

உரமும் குண்டும்

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போனது. 1921 செப்டம்பர் 21 அன்று, ஓப்பாவில் கட்டியாகிப்போன உரக்குவியலை வழக்கம்போல வெடிவைத்து உடைத்தபோது, குவியலே வெடித்தது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்குக் காரணம் ஹைட்ரஜன் அல்ல, பல ஆயிரம் முறை ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கை.

1925-ல் உருவான ஐ.ஜி. ஃபார்பனுக்குத் தலைவரான போஷுக்கு, 1931-ல் பெர்கியுஸுடன் சேர்த்து வேதியியல் நோபல் கிடைத்தது. யூத விஞ்ஞானிகள் நீக்கப்பட்டதை எதிர்த்தார். ஆனால், 1933-ல் அவருடைய நிறுவனம் செயற்கை பெட்ரோலுக்காக நாஜி அரசோடு ஒப்பந்தமும் போட்டது. மெல்ல ஓரங்கட்டப்பட்ட அவர், குடியிலும் மன அழுத்தத்திலும் மூழ்கி, 1940 ஏப்ரலில் இறந்தார்.

இப்போது ஏன் பேச வேண்டும்?

சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றும் சூடான ஹைட்ரஜன் ஓடுகிறது. 2005 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி ஆலையில் ஒரு குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. பராமரிப்பின்போது, கலப்பு எஃகு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண கார்பன் எஃகு வளைவு மாட்டப்பட்டிருந்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

2010 ஏப்ரல் 2 அன்று அனகார்டெஸ் ஆலையில் ஒரு வெப்பப் பரிமாற்றி உடைந்து, 7 ஊழியர்கள் உயிரிழந்தனர். கார்பன் எஃகை ஹைட்ரஜன் உள்ளிருந்தே அரித்திருந்தது. எந்த எஃகு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று காட்டும் நெல்சன் வளைகோட்டின்படி அது பாதுகாப்பான பக்கத்தில்தான் இருந்தது என விசாரணையில் தெரியவந்தது. அந்தக் கோட்டை மட்டும் நம்பாமல் தரமான கலப்பு எஃகுக்கு மாறுங்கள் என்பதே விசாரணை சொன்ன பாடம்.