இரண்டாம் எண் கொடுத்த வெற்றி

அம்மையார்குப்பத்துத் தறிக் கொட்டகையில் குடியரசுத் தலைவர் என்று பேச்செடுத்தால், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயர்தான் முதலில் வரும். சொந்த மண்ணின் பெருமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உழைக்கும் தோழர்கள் தம்மவர் என்று உரிமை கொண்டாட வேண்டியவர் இன்னொருவர் உண்டு. அவர்தான் வி.வி.கிரி.

1894இல் பெர்காம்பூரில் பிறந்தவர். சட்டம் படிக்க அயர்லாந்து போனார். அங்கே விடுதலைக் கிளர்ச்சிக்காரர்களோடு உறவு உண்டு என்று 1916இல் வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்தவர் பணக்காரர் வழக்கைத் தேடிப் போகவில்லை. ரயில்வேத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார். பெங்கால் நாகபுரி ரயில்வேயில் சங்கம் வளர்த்தார், வேலைநிறுத்தம் நடத்தினார். 1937 தேர்தலிலே பொப்பிலி ராஜாவை எதிர்த்து நின்று வென்றார். சமஸ்தானம் எங்கே, சங்கக் கொடி எங்கே! சென்னை மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சரும் ஆனார்.

1952இல் மத்திய அரசிலும் அதே பொறுப்பு. வங்கி ஊழியருக்குக் கிடைத்த தீர்ப்பில் சர்க்கார் கை வைத்தது. 1954இல் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். பதவிக்காகப் பல்லிளிப்போர் மலிந்த நாட்டில் இதை நாம் மறக்கலாகாது.

பிறகு மூன்று மாநிலங்களில் ஆளுநர், 1967இல் துணைத் தலைவர். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்ததும் தேர்தல் வந்தது. காங்கிரசின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. திருத்தணி வட்டாரம் 1960இல் நம்மோடு சேருமுன் ஆந்திரத்தில் இருந்த நாளில் அங்கே முதலமைச்சராக இருந்தவர். எல்லைப்புறத்தார் நன்கறிந்த பெயர். கிரியோ கட்சிச் சீட்டின்றி, சுயேச்சையாக நின்றார். இந்திரா காந்தி மனச்சான்றுப்படி வாக்களிக்கச் சொன்னார். கழகமும் கம்யூனிஸ்டுகளும் கிரியை ஆதரித்தனர். சுதந்திராவும் ஜனசங்கமும் தேஷ்முக்கை நிறுத்தின.

ஆகஸ்ட் 20ஆம் நாள் எண்ணினார்கள். கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. முதலில் வந்தவர் கிரிதானே, முடிந்ததல்லவா என்று கேட்கலாம். முடியவில்லை! செல்லத்தக்க வாக்கில் பாதிக்கு மேல், அதாவது 4,18,169 வேண்டும். மறுபடி வாக்குப்பதிவு கிடையாது. அதே சீட்டில் அடுத்தது யார் என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவர் சீட்டுகளை மற்றவர்க்குப் பங்கிடுவார்கள்.

பங்கிட்டபோது நெஞ்சு படபடக்கும் காட்சி. ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது. கிரிக்குச் சேர்ந்ததோ 18,562 மட்டுமே. ஆயினும் அதுவே போதுமானது: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. பெரிய எண் என்று எண்ண வேண்டா. அன்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் ஒரு சீட்டுக்கு மதிப்பு 576. பதின்மூன்று உறுப்பினர்கள் பக்கம் மாறியிருந்தால், ஆட்டமே மாறியிருக்கும்! இரண்டாம் எண்ணை எழுதாமல் சீட்டை மடித்துப் போட்டவர்களும் இருந்தார்கள்; அவர்கள் வாக்கு யாருக்கும் சேராமல் அங்கேயே நின்றுவிட்டது. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இப்படி அடுத்த எண்ணைப் பார்த்து முடிவு கண்டது இது ஒன்றுதான்.

தேர்தல் செல்லாதென வழக்கு வந்தது. பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்துக்குச் சாட்சியாக வந்தார் கிரி. தேர்தல் செல்லும் என்றே 1970இல் தீர்ப்பாயிற்று.

ஒரு வருத்தம் மட்டும் நமக்கு உண்டு. 1974 மே மாதம் ரயில்வேத் தொழிலாளர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் அடைத்து அதை ஒடுக்கியது மத்திய அரசு. அந்நாளில் குடியரசுத் தலைவர் நாற்காலியில் இருந்தவர், ரயில்வேச் சங்கம் வளர்த்த அதே கிரி. 1954இல் பதவியை உதறியவர், இம்முறை உதறவில்லை. ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்து இறங்கினார். மறு ஆண்டு பாரத ரத்னா வந்தது. 1980 ஜூனில் சென்னையில் கண் மூடினார்.