பெந்தோட்டைக் கரையில் ஜெப்ரி பாவா

எங்கட எம்மன்புரூக்கேயில் செயற்கைப் பட்டு நூல் செய்த பழைய விஸ்கோசே ஆலைக்குள் 2016 முதல் கலைக் கல்லூரி நடக்கிறது. அந்த வழியால் போகும்போது எனக்கு ஜெப்ரி பாவாவின் நினைவு வரும்.

விடுமுறைக்கு இலங்கை போகிற நம்மவர்கள் சிலர் இப்ப பெந்தோட்டையிலும் இரண்டு நாள் தங்கி வருகினம். பிள்ளைகள் படம் எடுத்துப் போடுகிற அந்த முற்றமும் ஓட்டுக் கூரையும் யாருடைய யோசனை என்று கேட்டால் தெரியாது.

1919 இல் கொழும்பில் பிறந்த பாவா, தகப்பனைப் போலவே வழக்கறிஞரானார். மனம் அதில் நிற்கவில்லை. 1948 இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில், நீர்க்கரையோரம் ஒரு றப்பர் தோட்டம் வாங்கினார். அதுதான் லுனுகங்க. அதைத் திருத்தப் போய்த்தான் தனக்குத் தொழில் தெரியாதது விளங்கியது. லண்டன் போய்க் கட்டடக்கலை படித்து முடிக்க வயது 38. எங்கட ஆட்கள் அந்த வயதில் பென்சன் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவினம்!

திரும்பி வந்து, 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், மேலே ஓடு. நாற்சார் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு இது புதினமில்லை. ஆனால் நெருக்கமான நகரக் காணிக்குள், புதுப் பாணி வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததுதான் அவர் கெட்டித்தனம். 1969 இல் பெந்தோட்டை பீச் ஹோட்டல். கூரையின் உட்புறத்துக்கு ஈனாவின் பத்திக் துணி.

அவருடைய நீண்டகாலக் கூட்டாளி, பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம், ஒரு தமிழர். பாவாவின் பெயர் சொல்லும் இடங்களில் இவர் பெயர் அவ்வளவாக வருவதில்லை. 1982 இல் அவர்களது நிறுவனம் வடிவமைத்த புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. அடுத்த வருசம் ஜூலை 83.

பாவா 2003 இல் காலமானார். இடையில் உருமாறிப்போன பெந்தோட்டை ஹோட்டலை, அவரோடு வேலை செய்த சன்ன தஸ்வத்த மீட்டுக் கட்டி, 2019 முடிவில் திறந்தார்கள். பத்திக் கூரையும் திரும்ப வந்தது. ஈனாவின் வீட்டுக் காணி விற்கப்பட்டபோது, வீட்டைக் கழற்றி, துண்டுகளுக்கு இலக்கம் போட்டு, லுனுகங்கவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். இப்ப அங்கே காசு கொடுத்துத் தங்கலாம்.

ஊரில் எங்கட நாற்சார் வீட்டை இடித்து மாடி போடலாமோ என்று ஒன்றுவிட்ட அண்ணா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஈனா வீட்டு முற்றத்தின் படத்தை அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.